பெரிய மரங்கள் சாயாமல் நிற்பது எப்படி?

ரந்தாவிலிருந்து சிரம்பான் வழியாகக் கோலப்பிலா சாலையில் சென்றால் உலு பெண்டுல் வனப் பூங்கா வரும். 825 மீட்டர் உயரமுள்ள அங்சி மலைக்கு ஏறும் பாதைகளுள் ஒன்று இங்கே தொடங்குகிறது. விடுமுறையில் நண்பர்களோடு மலையேறிக் கூடாரம் அடித்துத் தங்கப் பலர் வருகிறார்கள்.

செம்பனையையும் ரப்பர் மரத்தையும் பார்த்துப் பழகிய நமக்குக் காட்டு மரங்கள் வியப்பளிக்கும். சில மரங்களின் அடியில் பலகைகளை நிறுத்தியதுபோல் வேர்கள் எழுந்து நிற்கும். இவை பலகை வேர்கள். மலாயில் ‘அக்கார் பானிர்’.

உயர்ந்த மரத்துக்கு வேர் மிக ஆழமாக இருக்கும் என்று நினைப்போம். மழைக்காட்டில் பெரும்பாலும் அப்படியில்லை. உதிர்ந்த இலைகள் விரைவாக மட்குவதால் சத்துகள் மேல்மண்ணிலேயே கிடைக்கின்றன. எனவே, வேர்களும் ஆழம் போகாமல் அகலமாகப் பரவுகின்றன.

அப்படியானால் மரம் ஏன் சாய்வதில்லை? கூடாரக் கயிற்றைக் கவனியுங்கள். காற்று வீசும் பக்கத்துக் கயிறு இறுகி, கூடாரத்தை இழுத்துப் பிடிக்கும். காற்று வரும் பக்கத்துப் பலகை வேரும் அவ்வாறே இழுவிசையைத் தாங்குகிறது.

சபாவின் டானும் பள்ளத்தாக்கில் 2019இல் ஏறி அளக்கப்பட்ட மஞ்சள் மெராந்தி மரத்தின் உயரம் 100.8 மீட்டர்! காற்றின் வேகம் குறைந்த இடத்தில் வளர்ந்ததும் அதற்கு உதவியது.

மாணவர்களே, வேர்களின்மேல் கூடாரம் அடிக்காதீர்கள். மிதிபட்டு மண் இறுகினால் வேருக்குக் காற்றும் நீரும் குறையும். படுக்குமுன் அண்ணாந்து பாருங்கள். காய்ந்த கிளை காற்றில்லாத இரவிலும் முறிந்து விழலாம். அதன் கீழே தூங்க வேண்டாம்.