ஜாமீன் கையெழுத்தும் சம்பளப் பிடித்தமும்

தாராவியில் குடியிருந்து, பரேல் பக்கம் ஒரு தனியார் கம்பெனியில் கிளார்க்காக வேலை பார்க்கிறார் அந்தத் தமிழர். சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. மாதச் சம்பளம் 26,000 ரூபாய். இதில் பி.எஃப். 1,800, தொழில் வரி 200, ஊழியர் கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குத் தவணை 4,500, சங்கச் சேமிப்பு 500 போக, கைக்கு 19,000 வரும். சங்கக் கடன் தங்கை கல்யாணத்துக்காக வாங்கியது. பிப்ரவரியில் மட்டும் தொழில் வரி 300 ஆகும். அந்த நூறு ரூபாய் குறைவதே அவர் வீட்டுக் கணக்கில் தெரியும்.

ஒரு மாதம் வங்கியிலிருந்து வந்த செய்தியில் 14,800 என்றிருந்தது. ஏதோ தவறு என்று நினைத்துச் சம்பளப் பிரிவுக்குப் போனார். தவறு ஒன்றும் இல்லை. சம்பளச் சீட்டில் ‘சங்கம் – ஜாமீன்’ என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. தொகை 4,200.

நான்கு வருடத்துக்கு முன் அதே கம்பெனியில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர், வீடு கட்ட மூன்று லட்சம் கடன் கேட்டுச் சங்கத்துக்கு மனுப் போட்டிருந்தார். இரண்டு ஜாமீன் வேண்டும். “பேருக்கு ஒரு கையெழுத்துத்தான் அண்ணாச்சி” என்று காண்டீனில் வைத்துக் கேட்டார். ஒரே ஊர், ஒரே தெரு. எப்படி மறுப்பது? தாளில் என்ன அச்சடித்திருக்கிறது என்று படிக்காமலே இவர் கையெழுத்துப் போட்டார். அந்த நண்பர் பிறகு வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விட்டார். தவணை நின்றது. சங்கம் அனுப்பிய நோட்டீசை இவர் மேஜை டிராயரில் போட்டு வைத்தார். நிலுவை வட்டியோடு 1,51,200. அதை இரண்டு ஜாமீன்தாரர்களுக்கும் பங்கிட்டு, ஆளுக்கு 18 மாதம் பிடிப்பது என்று சங்கம் முடிவு செய்துவிட்டது.

“வாங்கினவன் ஊரில் உயிரோடு இருக்கான். அவனை விட்டுட்டு என்னைப் பிடிக்கிறது என்ன நியாயம் சார்?” என்று அவர் கேட்டார். யாரும் கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-வது பிரிவு, கடன்காரருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு என்கிறது. பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, முதலில் அவரிடம் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இவரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் சங்கத்துக்கு இல்லை. சங்கத்துக்குச் சேர வேண்டியதைச் சம்பளத்தில் பிடித்துக் கட்டலாம் என்று உறுப்பினர் எழுதிக் கொடுத்துவிட்டால், முதலாளி அதன்படி பிடித்துக் கட்ட வேண்டும். இது 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 49-வது பிரிவு. அவர் படிக்காமல் கையெழுத்திட்ட தாளில் அந்தச் சம்மதமும் இருந்தது.

நண்பரின் பி.எஃப். பணத்தில் பிடித்துக் கொள்ளக் கூடாதா என்றும் கேட்டார். கடனுக்காக அந்தப் பணத்தை ஜப்தி செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பு எல்லாத் தொழிலாளிக்கும் உண்டு, ஓடிப் போனவருக்கும் சேர்த்துத்தான்.

பாதிக்கு மேல் கூடாது

சம்பளத்தில் எவ்வளவு வரை பிடிக்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. 1936-ஆம் ஆண்டு சம்பளப் பட்டுவாடாச் சட்டத்தில் பொதுவாகப் பாதி வரைதான் பிடிக்கலாம். கூட்டுறவுச் சங்கப் பாக்கியும் சேர்ந்தால் முக்கால் பங்கு வரை போகலாம் என்றிருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த சம்பளச் சட்டத் தொகுப்பில் அந்த முக்கால் பங்கு இல்லை. சங்கப் பாக்கி உள்பட எல்லாப் பிடித்தமும் சேர்ந்து பாதிக்குள் அடங்க வேண்டும். அதற்கு மேற்பட்டது தள்ளுபடி ஆவதில்லை, பின்னால் வசூலாகும்.

நம்மவருக்கு இதனால் பயன் இல்லை. வீட்டு வாடகைப்படி 2,000 நீங்கலாக அவருடைய சம்பளம் 24,000. பாதி 12,000. பிடித்தம் எல்லாம் சேர்ந்து 11,200. வரம்புக்கு 800 ரூபாய் குறைவு.

கைக்கு வந்த 14,800-ல் வாடகை 6,000, ஊரில் அம்மாவுக்கு 4,000, வீட்டுக்காரம்மா கட்டும் சீட்டு 2,000. மிச்சம் 2,800. நான்கு பேர் சாப்பாடு, பால், கேஸ், ரயில் பாஸ் எல்லாம் அதற்குள். முதல் மாதம் அக்கம்பக்கத்துக் கைமாற்றில் ஓடியது. இரண்டாம் மாதம் நூற்றுக்கு மாதம் பத்து வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரைப் பார்க்கக் கிளம்பினார். பத்தாயிரம் கேட்டால் முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாயிரம் கொடுப்பார். வருடத்துக்கு வட்டி மட்டும் 12,000. அசல் அப்படியே நிற்கும். சங்கத்திலோ அதே பத்தாயிரத்துக்கு ஒரு வருட வட்டி 1,200. வீட்டுக்காரம்மாதான் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டி மறித்தார். இன்னும் எடுக்காத சீட்டு அது. சீட்டு நடத்துபவரிடம் சொல்லிப் பக்கத்து வீட்டம்மா பேருக்கு மாற்றிவிட்டு, கட்டிய பணத்தை வாங்கிக் கைமாற்றை அடைத்தார்.

குறைந்த வட்டிக் கடனின் தவணையைக் கட்டுவதற்காகக் கூடுதல் வட்டிக்குக் கடன் வாங்குவது மும்பையில் நம்மவர்களிடம் சர்வ சாதாரணம். சங்கத்தில் மானம் போய்விடுமாம்! மானம் பார்த்து வட்டிக்கடைக்குப் போவதைவிட, சங்கக் காரியதரிசிக்கு ஒரு மனு எழுதுவது நல்லது. இவர் எழுதினார். சம்பளச் சீட்டின் நகலையும் குடும்பச் செலவுக் கணக்கையும் கூடவே வைத்தார். சங்கத்துக்கும் பணம் வந்து சேர்ந்தால் சரி. சொந்தத் தவணை 3,000 ஆகவும், ஜாமீன் பிடித்தம் 2,800 ஆகவும் குறைந்தது. ஜாமீன் பாக்கி 18 மாதத்துக்குப் பதில் 27 மாதம் ஓடும். வட்டியும் கொஞ்சம் கூடும். ஆனால் கைக்கு 17,700 வருகிறது.

வங்கியிலோ பைனான்ஸ் கம்பெனியிலோ தவணை வைத்திருப்பவர்களும் இப்படித்தான் முந்திக்கொள்ள வேண்டும். கணக்கில் பணம் இல்லாமல் தவணை திரும்பிவிட்டால் வங்கி ஒரு கட்டணம் போடும், கடன் கொடுத்தவர் ஒரு கட்டணம் போடுவார். தேதிக்கு முன்பே போய்ச் சொன்னால் பேசவாவது இடம் இருக்கும்.

பிடித்த பணம் திரும்புமா?

ஜாமீன்தாரர் கட்டிய பணத்தைக் கடன்காரரிடம் வசூலிக்கும் உரிமை அதே ஒப்பந்தச் சட்டத்தில் இருக்கிறது. கட்டிய தேதியிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எனவே ஒவ்வொரு மாதச் சம்பளச் சீட்டும் ஒரு சாட்சி. சங்கத்திலிருந்து ரசீதும் கேட்டு வாங்க வேண்டும். இவர் கோர்ட்டுக்குப் போகவில்லை. ரயில் ஏறி ஊருக்குப் போய், பெரியவர்கள் இரண்டு பேரை வைத்துப் பேசினார். நண்பர் மாதம் 3,000 நேராகச் சங்கத்தில் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். கையில் கொடுக்கிறேன் என்றதற்கு இவர் சம்மதிக்கவில்லை. அது சரிதான். சங்கத்தில் கட்டினால்தான் இரண்டு ஜாமீன்தாரர்களுக்கும் பாக்கி குறையும்.

பட்டறைகளில்

சங்கம் எதுவும் இல்லாத தோல் பட்டறையிலும் முறுக்குக் கடையிலும் பிடித்தம் வேறு மாதிரி வரும். அங்கே கடன் கொடுத்தவரே முதலாளி. ஊரிலிருந்து அழைத்து வரும்போது கொடுத்த முன்பணத்தை முதல் முழு மாதச் சம்பளத்தில் பிடிக்கலாம். ரயில் செலவுக்கென்று கொடுத்ததைப் பிடிக்கக் கூடாது. இதைப் பலர் அறிவதில்லை. அபராதம் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்றுக்கு மேல் கூடாது. 15,000 வாங்குபவருக்கு 450-தான் உச்சம். அதையும் தவணையாகப் பிடிக்க முடியாது. விதித்த 90 நாளுக்குப் பிறகும் பிடிக்க முடியாது. சாமான் சேதம் என்று பிடிப்பதானால், தொழிலாளியின் சமாதானத்தை முதலில் கேட்க வேண்டும்.

1936-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இந்த விதிகள் மாதம் 24,000 வரை வாங்குபவர்களுக்குத்தான் என்றிருந்தது. இப்போது அந்தச் சம்பள வரம்பு இல்லை. சம்பளச் சீட்டு கொடுப்பது முதலாளியின் கடமை. தவறாகப் பிடித்தால் தானாகவோ, தான் உறுப்பினராக உள்ள தொழிற்சங்கம் மூலமாகவோ மூன்று வருடத்துக்குள் மனுச் செய்யலாம். முன்பு அதற்குப் பன்னிரண்டு மாதம்தான் அவகாசம்.