64-0... பக்கத்து ஊர்க்காரன் வர்றான்!

ஒரு சின்ன கேள்வி. ஸ்போர்ட்ஸ் மீட் ஃபைனல்ல, எங்கேயோ வடக்கேயிருந்து வந்த ஒரு காலேஜ்கிட்ட தோத்துட்டீங்க. வலிக்கும். ஆனா, ரெண்டு நாள்ல ஆறிடும். அதுவே, தினமும் ஒரே பஸ் ஃபுட்போர்டுல உங்களோட தொத்திக்கிட்டு வர்ற பக்கத்து காலேஜ்கிட்ட தோத்துட்டா? திங்கட்கிழமை காலையில மறுபடி அதே பஸ்ல ஏறணுமே... அங்கேதான் பாஸ் இருக்கு சிக்கல்!

இந்தச் சிக்கலை நூறு வருஷத்துக்கும் மேலா அனுபவிச்சுக்கிட்டு இருக்கிற ரெண்டு ஊர்கள் இங்கிலாந்தின் மேற்குப் பக்கம் இருக்கு. ஒண்ணு பாத், இன்னொண்ணு குளோஸ்டர். ரெண்டு ஊருக்கும் உயிர், ரக்பி. ஒவ்வொரு சீசன்லயும் லீக்ல ரெண்டு தடவை மோதிக்குவாங்க. ஒரு தடவை இங்கே, ஒரு தடவை அங்கே. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் மோதுற இந்த மாதிரி மேட்ச்சுக்குப் பேரு 'டெர்பி'. அடுத்து குளோஸ்டர் டீம் பாத் ஊருக்குள்ள வந்து இறங்கப்போற அந்த நாளுக்கு, டிக்கெட் இல்லாம உங்களைக் கூட்டிட்டுப் போறதுதான் இந்தக் கட்டுரை. ஏறுங்க!

"ரக்பியா? எனக்கு கிரிக்கெட்டைத் தவிர வேற எதுவும் தெரியாதே..." என்று ஜகா வாங்காதீங்க. 'விஸ்வரூபம்' படத்துல கமலையே மிரட்டின வில்லன் ராகுல் போஸ் இருக்காரே... அவர் நிஜத்துல இந்திய ரக்பி அணிக்காக ஆடினவர். அந்த முறைப்பு சும்மா வந்ததில்லை!

இது பிசிபேளா'பாத்' இல்லை!

முதல்ல வீட்டுக்காரங்களைப் பார்ப்போம். பாத் ஊருக்கு அந்தப் பேரு வந்ததே குளியலாலதான். 46 டிகிரி சூட்டுல பூமிக்குள்ளேயிருந்து வெந்நீர் பொங்குற ஊர். 'ஓசி ஹீட்டரா!' என்று ரோமானியர்கள் அங்கேயே குளியல் மண்டபம் கட்டி செட்டில் ஆகிட்டாங்க. அந்த மண்டபம் இன்னிக்கும் இருக்கு.

பாத் ரக்பி கிளப் ஆரம்பிச்சது 1865ல். உலகத்துலயே ரொம்பப் பழைய ரக்பி கிளப்களில் ஒண்ணு. மைதானத்தோட பேரு ரெக்ரியேஷன் கிரவுண்ட். உள்ளூர் பசங்க செல்லமா 'ரெக்' என்பாங்க. 1894லேர்ந்து அங்கேதான் ஆட்டம். ஸ்டேடியம்னா ஊருக்கு வெளியே, பைபாஸ் ஓரமா இருக்கும்னு நினைப்போம் இல்லையா? இது நட்ட நடு ஊர்ல, ஏவன் ஆத்தங்கரையில இருக்கு. ஸ்டேஷன்ல இறங்கி பொடிநடையா போயிடலாம். வேகமா உதைச்ச பந்து ஆத்துல விழுந்த கதையெல்லாம் உண்டு. சுமார் 14,500 பேர் உட்காரலாம், நிற்கலாம், கத்தலாம். நீலம், கறுப்பு, வெள்ளை... இதுதான் யூனிஃபார்ம்.

வர்ற விருந்தாளி, குளோஸ்டர். பாத்திலேர்ந்து சுமார் 60 கிலோமீட்டர். நம்ம சென்னையிலேர்ந்து செங்கல்பட்டு போற தூரம்தான். ஸ்பெல்லிங்ல இருக்கிற பாதி எழுத்தை உச்சரிக்கவே மாட்டாங்க. ஹாரி பாட்டர் படத்துல ஹாக்வர்ட்ஸ் ஸ்கூல் வராந்தா வருமே... அந்தக் காட்சிகள்ல சிலதை எடுத்தது இந்த ஊர் கதீட்ரல்லதான். கிளப் ஆரம்பிச்சது 1873ல். செர்ரிப்பழச் சிவப்பும் வெள்ளையும் கலந்த சட்டை. அவங்க மைதானமான கிங்ஸ்ஹோம்ல ஒரு பக்கம் 'ஷெட்' என்று ஒரு இடம் இருக்கு. சீட்டெல்லாம் கிடையாது. கூரைக்குக் கீழே நின்னுக்கிட்டே கத்தணும். நம்ம தியேட்டர் பெஞ்ச் டிக்கெட் ரசிகர்களை வரிசையா நிற்க வெச்ச மாதிரி கற்பனை பண்ணிக்கோங்க.

பழைய பாக்கி

சரி, என்ன பகை? நிலத் தகராறா, வரப்புச் சண்டையா? எல்லாம் ஸ்கோர் போர்டுல இருக்கு.

1984லேர்ந்து 1996 வரைக்கும் பாத் ஆடினது ஆட்டமில்லை, ராஜாங்கம். அந்த 13 வருஷத்துல இங்கிலாந்து நாக்-அவுட் கோப்பையை 10 தடவை தூக்கினாங்க. லீக் பட்டம் 6 தடவை. அதுல 1990 கோப்பை ஃபைனல்ல எதிர்ல நின்னது யாரு? நம்ம குளோஸ்டர்தான். ஸ்கோர் 48-6. அதுவும் எங்கே? லண்டன் ட்விக்கன்ஹாம்ல, ஊரே பார்க்க!

குளோஸ்டர் மறப்பாங்களா? 2002 மே மாசம் கிங்ஸ்ஹோமுக்கு பாத் வந்தப்போ வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தாங்க. 68-12!

ஆனாலும் குளோஸ்டர் ஜாதகத்துல ஒரு கட்டம் சரியில்லை. 1972ல் முதன்முதலா நடந்த நாக்-அவுட் கோப்பையை ஜெயிச்சவங்க அவங்கதான். அப்புறமும் கோப்பைகள் வாங்கியிருக்காங்க. ஆனா, 1987ல் ஆரம்பிச்ச லீக்ல சாம்பியன் என்ற பட்டம் மட்டும் கைக்கு வரவே இல்லை. 2002ல் பிளே-ஆஃப் ஃபைனலை ஜெயிச்சாங்க. அந்த வருஷ ரூல்படி, டேபிள்ல முதலிடம் பிடிச்ச லெஸ்டருக்குத்தான் பட்டம். சரி என்று அடுத்த வருஷம் 15 பாயின்ட் வித்தியாசத்துல டேபிள்ல முதலிடம் பிடிச்சாங்க. அதுக்குள்ள ரூல் மாறிடுச்சு! 'பிளே-ஆஃப் ஃபைனல் ஜெயிச்சாத்தான் சாம்பியன்' என்று சொல்லிட்டாங்க. ஃபைனல்ல வாஸ்ப்ஸ் கிளப்கிட்ட 39-3. சிலபஸ் மாறின அன்னிக்குப் பழைய சிலபஸைப் படிச்சிட்டுப் போன கதை!

அந்த 64-0

பாத் கதையும் அதுக்குள்ள தலைகீழா மாறிடுச்சு. 1995ல் ரக்பி, சம்பளம் வாங்கி ஆடுற தொழில்முறை ஆட்டமாச்சு. 1998ல் ஐரோப்பாவின் பெரிய கோப்பையான ஹெய்னெகன் கப்பை, பிரான்ஸ் நாட்டு பிரீவ் கிளப்பை 19-18 என்று ஒரே ஒரு பாயின்ட்ல வீழ்த்தி ஜெயிச்சாங்க. அந்த 19 பாயின்ட்டையும் எடுத்தது ஜான் கல்லார்ட் என்ற ஒரே ஆள். ஆனா, லீக் பட்டம்? 1996க்கு அப்புறம் போனது போனதுதான். வருஷம் மேல வருஷம் ஓடுச்சு.

2021-22 சீசன்ல அடிமட்டம் தட்டியாச்சு. சொந்த மைதானத்துலயே சாரசென்ஸ்கிட்ட 71-17. சீசன் முடியப்போற நேரம்... 2022 ஏப்ரல் 30. இடம், கிங்ஸ்ஹோம். குளோஸ்டர் 64, பாத் 0.

திரும்பப் படிங்க. ஒரு பாயின்ட்கூட இல்லை. 80 நிமிஷம், பக்கத்து ஊர்க்காரன் வாசல்ல, ஷெட் முழுக்க கைகொட்டிச் சிரிக்க... முட்டை!

அந்த சீசன்ல மொத்தம் 13 டீம். பாத் பிடிச்ச இடம் 13. கடைசி டீமைக் கீழ் டிவிஷனுக்குத் தள்ளுற விதியை அப்போ நிறுத்தி வெச்சிருந்ததால தப்பிச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, கிரேஸ் மார்க்!

ஏறின படிக்கட்டு

அந்தக் கோடையில யோஹான் வான் கிரான் என்ற தென் ஆப்பிரிக்கக்காரர் கோச்சா வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் ஸ்காட்லாந்தின் ஸ்டார் ஃபின் ரஸல் வந்தார். 2023-24ல் ஃபைனல். அதுல பாத் வீரர் பெனோ ஒபானோவுக்கு முதல் பாதியிலேயே ரெட் கார்டு. மீதி ஆட்டம் முழுக்க 14 பேரை வெச்சே மல்லுக்கட்டி, நார்தாம்ப்டன்கிட்ட 25-21ல தோத்தாங்க. 'அவ்வளவுதானா?' என்று ஊரே உடைஞ்சுபோச்சு.

இல்லை. 2025ல் செமிஃபைனல், ரெக்ல. வந்தது யாரு? பிரிஸ்டல். அதுவும் பக்கத்து ஊர்தான், குளோஸ்டரைவிடப் பக்கம்! 34-20 என்று சாத்தி அனுப்பினாங்க. ஜூன் 14, ட்விக்கன்ஹாம் ஃபைனல்ல லெஸ்டரை 23-21ல் ஜெயிச்சாங்க. 29 வருஷத்துக்கு அப்புறம் சாம்பியன்! அதே சீசன்ல பிரீமியர்ஷிப் கப், ஐரோப்பிய சேலஞ்ச் கப் என்று இன்னும் ரெண்டு கோப்பைகள் வேற. முட்டை வாங்கின நாள்லேர்ந்து மூணே வருஷம், பாஸ்!

அஞ்சு நிமிஷ கோச்சிங்

மேட்ச் பார்க்கும்போது திருதிருன்னு முழிக்கக் கூடாது இல்லையா? நோட்ஸ் எடுத்துக்கோங்க...

* பக்கத்துக்கு 15 பேர். ஆட்டம் 80 நிமிஷம். பந்து முட்டை வடிவம், அதனால தரையில விழுந்தா எந்தப் பக்கம் துள்ளும்னு அதுக்கே தெரியாது.

* முன்னால ஓடலாம், முன்னால உதைக்கலாம். ஆனா, கையால முன்பக்கம் பாஸ் பண்ணக் கூடாது. பக்கத்துலயோ பின்னாலயோ வர்ற ஃப்ரெண்டுகிட்டதான் கொடுக்கணும். அதனால, தனி ஆளா ஹீரோயிசம் பண்றது ரொம்பக் கஷ்டம்.

* எதிரி எல்லைக்கோட்டைத் தாண்டி பந்தைத் தரையில அழுத்தி வெச்சா, அது 'ட்ரை'. 5 பாயின்ட். அதுக்கப்புறம் கம்பத்துக்கு நடுவுல உதைச்சா 2. பெனால்டி 3.

* எட்டுப் பேரும் எட்டுப் பேரும் தலையைக் குனிஞ்சு முட்டிக்கிட்டு நிற்பாங்களே, அது 'ஸ்க்ரம்'. ஜல்லிக்கட்டு பார்த்த கண்ணுக்கு அது புரிய அரை நிமிஷம் போதும்.

* லீக்ல ஜெயிச்சா 4 பாயின்ட். நாலு ட்ரை போட்டா போனஸா 1. 7 பாயின்ட் வித்தியாசத்துக்குள்ள தோத்தாலும் 1. அதனால, தோக்கப்போற டீம்கூட கடைசி நிமிஷம் வரைக்கும் விடாது. நீங்களும் டி.வி-யை ஆஃப் பண்ணிடாதீங்க!

சேர்ந்து உட்கார்ந்து கத்தலாம்!

இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. இவ்வளவு பாக்கி இருக்கே, கேலரியில நாற்காலி பறக்குமோன்னு நினைக்கிறீங்களா? பறக்காது. இங்கே ரெண்டு டீம் ரசிகர்களுக்கும் நடுவுல வேலி போடுற வழக்கம் இல்லை. நீலச் சட்டை மாமா பக்கத்துல செர்ரிச் சட்டை தாத்தா உட்கார்ந்திருப்பார். 80 நிமிஷமும் கிண்டல் தூள் பறக்கும். மைதானத்துக்குள்ள நூத்திப் பத்து கிலோ பயில்வான்கூட ரெஃப்ரியை 'சார்' என்றுதான் கூப்பிடுவான். மேட்ச் முடிஞ்சதும் ரெண்டு டீமும் வரிசை கட்டி நின்னு, எதிர் டீமுக்குக் கைதட்டி அனுப்பும். 64-0ல தோத்தாலும் கைதட்டணும். அதுதான் கஷ்டமான பாடம்.

பஸ்ல கம்பு, கல்லோட ஏறுற நம்ம 'ரூட்டு தல' பார்ட்டிங்க இந்தப் பாராவை மட்டும் ரெண்டு தடவை படிக்கலாம். பகையைக் கையில வெச்சுக்க வேண்டியதில்லை மச்சி, ஸ்கோர் போர்டுல வெச்சுக்கிட்டாலே போதும்.

ஆக, அடுத்த டெர்பிக்கு குளோஸ்டர் ரெக் மைதானத்துக்கு வரும்போது, ரெண்டு பக்கமும் சும்மா வராது. குளோஸ்டருக்கு, 'எங்ககிட்ட முட்டை வாங்கினவன் எங்களுக்கு முன்னால கோப்பை வாங்கிட்டானே' என்ற எரிச்சல். பாத்துக்கு, 'ஊரே மறந்தாலும் நாங்க மறக்கலை' என்ற 64-0. லீக் டேபிள்ல யார் எங்கே இருந்தாலும் சரி, அன்னிக்கு மட்டும் அந்த டேபிளை யாரும் பார்க்க மாட்டாங்க.

உங்க கையிலயும் ஒரு 64-0 இருக்கலாம். அரியர்ஸா இருக்கலாம், கேம்பஸ் இன்டர்வியூவா இருக்கலாம், பக்கத்து காலேஜ்கிட்ட வாங்கின அடியா இருக்கலாம். தோத்த மறுநாளும் அதே பஸ்லதான் ஏறணும்.

பாத் ஏறுச்சு. மூணு வருஷம் ஃபுட்போர்டுல தொங்கினாலும், கடைசியில ஜன்னல் சீட்டும் பிடிச்சுது!