லேப்டாப்போடு ஏற்காடு ஏறுகிறவர்களுக்கு

ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் யாரிடமாவது, "செடிக்கு மேலே எதற்கு இத்தனை மரம்? வெட்டிவிட்டால் காய் கூடுமே" என்று கேட்டுப் பாருங்கள். கூடும், ஆனால் ஒரு வருஷம்தான் கூடும். வெயில் நேராக விழுகிற அரபிகா செடி கிளை தெரியாமல் காய்க்கும். இலை தயாரிக்கும் மாவுச்சத்தை எல்லாம் காய்களே இழுத்துக்கொள்ளும். வேருக்கும் தளிருக்கும் மிச்சமிருக்காது. அப்புறம் கிளைகள் நுனியிலிருந்து கருகத் தொடங்கும். காப்பி போன வருஷம் வளர்ந்த கிளையில்தான் இந்த வருஷம் காய்க்கும் என்பதால், கருகிய கிளையோடு அடுத்த மகசூலும் போய்விடும். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820 வாக்கில் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்த பயிர் இது. இன்றைக்கும் சில்வர் ஓக்கும் பலாவும் கல்யாண முருங்கையும் அதற்குக் குடை பிடித்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தனியாக வேலை பிடித்துச் செய்யும் ஃப்ரீலான்சர்களைப் பார்க்கும்போது அந்தச் செடிதான் நினைவுக்கு வருகிறது. மொழிபெயர்ப்போ, டிசைனோ, வீடியோ எடிட்டிங்கோ, முதல் இரண்டு வருஷம் வந்த வேலையை எல்லாம் வாங்கிப் போட்டுக்கொண்டு அமோகமாகக் காய்ப்பார்கள். மூன்றாவது வருஷம் மெயிலைத் திறக்கவே கை வராது.

இந்த நிலைக்கு பர்ன்அவுட் என்று பெயர் வைத்து 1974-இல் கட்டுரை எழுதியவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற நியூயார்க் உளவியலாளர். பகலெல்லாம் சொந்தத் தொழிலைப் பார்த்துவிட்டு இரவில் ஓர் இலவச மருத்துவமனையில் சேவை செய்தவர். அங்கே தன்னோடு வேலை செய்தவர்களிடமும் தன்னிடமும் கண்டதைத்தான் எழுதினார். அவர்களை யாரும் சாட்டை வைத்து விரட்டவில்லை. விரும்பி வந்தவர்கள்தான் முதலில் விழுந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதற்குத் தெளிவான வரையறை கொடுத்தது. நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்து அழுத்தம் சரியாகக் கையாளப்படாமல் நீடிப்பதால் வருகிற நிலை என்றது. அடையாளங்கள் மூன்று: உடம்பும் மனசும் வற்றிப்போவது, வேலை மேலேயே ஒரு வெறுப்பு, எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்யவில்லை என்ற எண்ணம். இரண்டு நாள் நன்றாகத் தூங்கி எழுந்தால் சாதாரணக் களைப்பு போய்விடும். இது அப்படிப் போகாது.

ஃப்ரீலான்சருக்கு மட்டும் ஏன் இது சுலபமாக வருகிறது? மன உறுதி போதவில்லை, காலையில் தியானம் செய்யவில்லை என்றெல்லாம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பெரும்பாலும் கோளாறு கணக்கில் இருக்கிறது. இந்த வேலையை விட்டால் அடுத்தது வருமா என்ற பயத்தில் ரேட்டைக் குறைத்துச் சொல்கிறோம். குறைந்த ரேட்டை ஈடுகட்ட நாளை நீட்டுகிறோம்.

கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். மாதம் 60,000 ரூபாய் வேண்டும் என்றால் வருஷத்துக்கு 7,20,000. பெரும்பாலானவர்கள் மனசுக்குள் 300 நாளால் வகுத்து, நாளைக்கு 2,400 ரூபாய் என்று ரேட் சொல்லிவிடுவார்கள். ஆனால் சனி, ஞாயிறு, பொங்கல், தீபாவளி, காய்ச்சல், வீட்டில் ஒரு கல்யாணம், ஒரு சாவு எல்லாம் கழிந்தால் கையில் இருப்பது சுமார் 220 நாள். அதிலும் முழுசாகக் காசு வருகிற வேலை நடக்காது. கொட்டேஷன் போடுவது, மாதிரி செய்து காட்டுவது, போன் பேசுவது, பாக்கிக்கு அலைவது என்று பத்தில் நான்கு பங்கு போய்விடும். மிஞ்சுவது 132 நாள். அதால் வகுத்தால் நாளைக்கு 5,454 ரூபாய். 2,400-க்கு ஒப்புக்கொண்ட ஆள் மீதியை எங்கிருந்து எடுப்பார்? தூக்கத்திலிருந்தும் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தும்தான். உடனே ரேட்டை இரண்டு மடங்காக்க முடியாது என்பது தெரிந்ததுதான். புதிதாக வருகிற கிளையண்டிடம் புது ரேட், பழையவரிடம் அடுத்த வருஷத்திலிருந்து என்று ஏற்றலாம். ஆனால் போய்ச் சேரவேண்டிய எண் எது என்று தெரியாமல் ஏற்ற முடியாது.

அடுத்தது பாக்கி. முடித்துக் கொடுத்த வேலைக்குப் பணம் வராததால்தான் பலர் வேண்டாத வேலையையும் எடுக்கிறார்கள். இங்கே சட்டம் கொஞ்சம் கைகொடுக்கிறது, பலருக்கும் தெரியவில்லை. சேவைத் தொழில் செய்கிறவரும் மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம்; கட்டணம் கிடையாது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, அப்படிப் பதிந்தவரிடம் வேலை வாங்கிய இந்திய நிறுவனம், ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. வேலை தொடங்கும் முன்பே பதிந்திருப்பது நல்லது. வழக்கு வரை போகவேண்டாம். பில்லில் உத்யம் எண்ணையும் இந்த 45 நாள் விஷயத்தையும் ஒரு வரி போட்டுவிடுங்கள், கணக்குப் பிரிவில் அந்த பில் கொஞ்சம் மேலே நகரும். வெளிநாட்டுக் கிளையண்டிடம் இது செல்லாது. அவர்களிடம் முன்பணம் ஒன்றே வழி.

மறுப்பது எப்படி என்று நிறையப் பேர் தவிக்கிறார்கள். மறுக்கவே வேண்டாம், தேதி சொன்னால் போதும். "சார், கண்டிப்பா பண்ணித் தர்றேன். கையில ஒரு வேலை இருக்கு, 18-ஆம் தேதிக்கு மேலதான் ஆரம்பிக்க முடியும். பாதி அட்வான்ஸ் வந்ததும் அந்த நாளை உங்களுக்குன்னு ஒதுக்கிடறேன்." உண்மையிலேயே வேலை கொடுக்கிறவர் காத்திருப்பார். நாளைக்கே வேண்டும், காசு அப்புறம் என்கிறவர் போனால் நஷ்டமில்லை.

இரவைப் பற்றி ஒரு வார்த்தை. நியூயார்க்கில் பிற்பகல் 3 மணிக்கு "பத்து நிமிஷ மீட்டிங்" என்றால், குளிர்காலத்தில் நமக்கு அது நள்ளிரவு 1.30. இப்படி நீளும் வேலை நேரம் உடம்பையும் பாதிக்கும். வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்கிட்டுச் சொன்னன. மீட்டிங்கை அவர்களுடைய காலை 9 மணிக்கு மாற்றினால் நமக்கு இரவு 7.30-தான் ஆகும். கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள், நாம்தான் கேட்பதில்லை.

இனி மலைக்கு வருவோம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஹோம்ஸ்டேயில் அறை எடுத்து, காப்பிக் கோப்பைக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துப் படம் போடுகிறார்களே, அது ஓய்வில்லை. குளிரான இடத்தில் அதே வேலை, அவ்வளவுதான். வேலையை மனசிலிருந்து கழற்றி வைத்தால்தான் சோர்வு தீர்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் சபினே சொன்னென்டாக் பல வருஷ ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். டெலிவரி முடிந்த மறுநாள் கிளம்புங்கள். இருக்கிற கிளையண்டுகளுக்கு இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம், ஏரிக்கரையில் கால் வைக்க இடமிருக்காது. தோட்டக்காரர்கள்கூட கார்த்திகையிலிருந்து தை வரை அறுவடையில் முதுகொடியப் பாடுபடுவார்கள், அது முடிந்துதான் கிளை வெட்டும் கவாத்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளையண்ட் பட்டியலுக்கும் கவாத்து தேவை: அதிகம் இழுத்தடித்து, குறைவாகக் கொடுத்து, இரவில் கூப்பிடுகிறவர் யாரோ அவர் முதலில்.

இத்தனையும் செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வேலை மட்டுமல்ல பிடித்த எதுவுமே பிடிக்கவில்லை, வாழ்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றுகிறது என்றால், அது பர்ன்அவுட்டைத் தாண்டிவிட்டது. டாக்டரைப் பார்க்கவேண்டிய நேரம். மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் மனநலச் சேவையின் எண் 14416. எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசுவார்கள்.