சீறும் கார்களின் நகரம்: பிரேக் பேட் யார் பொறுப்பு?

ஹைதராபாத்: நகரைச் சுற்றி 158 கிலோ மீட்டர் நீளத்துக்கு வளைந்து செல்கிறது வெளிவட்டச் சாலை. 2023ஆம் ஆண்டில் இச்சாலையின் வேக உச்சவரம்பு மணிக்கு 100 கி.மீ.யிலிருந்து 120 கி.மீ.யாக உயர்த்தப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 11 அன்று, ஹுசைன் சாகர் ஏரிக்கரையில் தலைமைச் செயலகத்தை ஒட்டிய சாலைகளில் இந்தியாவின் முதல் ஃபார்முலா-ஈ மின்சாரக் கார் பந்தயம் நடைபெற்றது. பிரான்ஸ் நாட்டு வீரர் ழான் எரிக் வெர்ன் வெற்றி பெற்றார்.

அடுத்த ஆண்டுப் பந்தயம் நடக்கவில்லை. ஆட்சி மாறியது, 2024 ஜனவரியில் போட்டி ரத்தானது. பந்தய அமைப்பாளர்களுக்கு உரிய ஒப்புதலின்றி சுமார் ரூ.55 கோடி வழங்கப்பட்டதாகக் கூறி, முன்னாள் அமைச்சர் கே.டி.ராமாராவ் மீது ஊழல் தடுப்புப் பிரிவு 2024 டிசம்பரில் வழக்குப் பதிவு செய்தது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் இதுபற்றிப் பேசித் தீர்த்த அளவில் நூறில் ஒரு பங்குகூட, பந்தயச் சாலையின் வேகம் சாதாரணச் சாலைக்கு இறங்கி வந்தால் அது எப்படி நிற்கும் என்பது பற்றிப் பேசப்படவில்லை.

ஜூபிலி ஹில்ஸ், பஞ்சாரா ஹில்ஸ், கச்சிபௌலி பகுதிகளில் ஸ்போர்ட்ஸ் கார்கள் இன்று வியப்புக்குரிய காட்சியல்ல. அத்தகைய கார்களில் முதலில் தேய்ந்துபோகும் பாகங்களில் ஒன்று பிரேக் பேட். உள்ளங்கையில் அடங்கும் இரும்புத் தகடு, அதன்மேல் ஒட்டப்பட்ட ஒரு விரற்கடைக் கலவை, அவ்வளவுதான். நிறுவனத்தின் சேவை மையம் சொல்லும் விலையைக் கேட்டு மலைத்த உரிமையாளர், செகந்திராபாத் ராணிகஞ்ச் உதிரிபாகக் கடைகளை நாடுகிறார். அல்லது வெளிநாட்டுப் பந்தயப் பெயர் அச்சிட்ட பெட்டியை வரவழைக்கிறார். தில்லி காஷ்மீரி கேட் சந்தையிலும் கதை இதுதான். எந்தப் பேட்டைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்குக் கடை மேசையிலேயே விடை முடிவாகிறது. அந்த முடிவின் விளைவைச் சுமப்பவர்களில் காருக்குள் உட்கார்ந்திருப்பவர் ஒருவர் மட்டுமே.

இரண்டரை லிட்டர் கொதிநீர்

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. ஒன்றரை டன் எடையுள்ள கார் மணிக்கு 120 கி.மீ. வேகத்திலிருந்து முற்றாக நிற்கும்போது ஏறத்தாழ 830 கிலோ ஜூல் வெப்பம் பிறக்கிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். வேகம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்காகும். ஒருமுறை நிறுத்தினால் டிஸ்க் தாங்கிக்கொள்ளும். மலைப்பாதை இறக்கத்திலோ பந்தயத் தடத்திலோ இடைவிடாமல் மிதிக்கும்போது, கலவையைப் பிணைத்திருக்கும் பிசின் இளகி வாயு கசிகிறது. பேட் டிஸ்க்கைக் கவ்வாமல் வழுக்குகிறது. மெக்கானிக்குகள் இதை 'ஃபேட்' என்பார்கள். மிதி கெட்டியாகத்தான் இருக்கும், கார் மட்டும் நிற்காது.

இந்த வெப்பத்தை எப்படிச் சமாளிக்கிறது என்பதை வைத்துத்தான் பேட்டுகள் வகைப்படுகின்றன. நார்களும் பிசினும் மிகுந்த ஆர்கானிக் வகை மென்மையானது. சத்தமில்லை, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. கடும் சூட்டில் சோர்ந்துவிடும். எஃகு நாரும் இரும்புத்தூளும் கலந்த செமி-மெட்டாலிக் வகை சூட்டைத் தாங்கும். ஆனால் கிறீச்சிடும், டிஸ்க்கைத் தேய்க்கும், சக்கரத்தில் கருந்தூசு படியும். செராமிக் வகை அமைதியானது, தூசு குறைவு, விலை அதிகம். கார்பன்-செராமிக் டிஸ்க் பொருத்தப்பட்ட உயர்விலைக் கார்களுக்கோ அவற்றுக்கென்றே செய்த பேட் மட்டும்தான் பொருந்தும். வேறொன்றைப் போட்டால் பேட்டில் மிச்சம் பிடித்த பணத்தைப் போல் பல மடங்கை டிஸ்க்குக்குக் கொடுக்க நேரிடும்.

இனிவருவது பந்தய வகை. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பந்தயப் பேட் நன்கு சூடேறிய பிறகே கவ்வத் தொடங்கும்படி செய்யப்பட்டது. பேகம்பேட்டையிலிருந்து மாதாப்பூர் வரை காலை நெரிசலில் ஊர்ந்து செல்லும் காரில் அந்தச் சூடு ஒருபோதும் ஏறாது. பள்ளிச் சிறுவன் ஒருவன் திடீரெனச் சாலையில் குறுக்கிட்டால், குளிர்ந்து கிடக்கும் அந்த விலையுயர்ந்த பேட், நிறுவனம் கொடுத்த சாதாரணப் பேட்டைவிடத் தாமதமாகவே காரை நிறுத்தும்.

நல்ல பேட் போட்டால் கார் விரைவில் நிற்கும் என்பதும் பாதி உண்மையே. குறையற்ற எந்தப் பேட்டும் முதல் மிதியிலேயே சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலுவுள்ளது. அதைத் தடுக்கத்தான் ஏ.பி.எஸ். இருக்கிறது. அதற்கு மேல் எல்லை வகுப்பது டயரும் சாலையும். மணிக்கு 40 கி.மீ.யில் செல்லும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி கொடுத்தால், உலர்ந்த சாலையில் ஏறத்தாழ 19 மீட்டரில் நின்றுவிடும். 100 கி.மீ.யில் அதே காருக்கு 75 மீட்டருக்கு மேல் வேண்டும். 2019 நவம்பர் 23 அன்று கச்சிபௌலி பல்லுயிர்ப் பூங்கா மேம்பாலத்திலிருந்து கார் ஒன்று பாய்ந்து விழுந்ததில், கீழே சாலையோரம் நின்ற பெண் ஒருவர் உயிரிழந்தார். பாலம் திறந்து மூன்று வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அனுமதிக்கப்பட்ட வேகம் 40 கி.மீ.; கார் 100 கி.மீ.க்கும் மேல் வந்தது என்றது காவல்துறை. அந்த வேகத்துக்கு விடையளிக்கும் பேட் உலகில் எந்தக் கடையிலும் இல்லை.

பின் சக்கரத்தில் பிரேக் இல்லாத கார்

ஹுசைன் சாகர் கரையில் ஓடிய ஃபார்முலா-ஈ கார்களின் பின் சக்கரங்களுக்கு வழக்கமான ஹைட்ராலிக் பிரேக்கே தேவையில்லை என்றுதான் முதலில் வடிவமைத்தார்கள். முன்னும் பின்னும் உள்ள மோட்டார்கள் வேகத்தைக் குறைக்கும்போது மின்னாக்கிகளாக மாறி, 600 கிலோவாட் வரை ஆற்றலை பேட்டரிக்குத் திருப்பியனுப்பும். ஆனால் அந்தப் பருவம் தொடங்குவதற்கு முன்பே, மின்முறை கைவிட்டால் காப்பாற்ற அவசர பிரேக் ஒன்றைப் பின்புறம் சேர்த்துவிட்டார்கள். கோடிகளைக் கொட்டிச் செய்த காரும் கடைசியில் உராய்வை நம்பித்தான் ஓடியது.

உராய்வின் அறிவியலுக்கு ஹைதராபாத் புதிய ஊரும் அல்ல. காஞ்சன்பாக்கில் உள்ள பாதுகாப்புத் துறை உலோகவியல் ஆய்வுக்கூடம், போர் விமானங்களுக்கான உலோகத்தூள் பிரேக் பேட்டுகளை உள்நாட்டிலேயே உருவாக்கும் பணியில் ஈடுபட்டது. தேஜஸ் இலகுரக விமானத்துக்கான கார்பன் பிரேக் டிஸ்க்கும் இந்நகரின் ஏவுகணை ஆய்வுக்கூடங்களில் வளர்ந்த தொழில்நுட்பத்திலிருந்து பிறந்ததே. விண்ணிலிருந்து காற்றுமண்டலத்துக்குள் திரும்பும் அக்னி ஏவுகணையின் முனையைக் காக்கும் அதே பொருள்தான் ஓடுபாதையில் விமானத்தையும் நிறுத்துகிறது. விமானத்தில் ஒரு பேட்டை மாற்ற வேண்டுமானால் சோதனை, சான்று, மறுசோதனை என்று எத்தனையோ படிகள் ஏறியாக வேண்டும்.

தமிழகத்துக்கும் இதில் பங்குண்டு. இந்தியாவின் பிரேக் தொழிலில் கணிசமான பகுதி சென்னையின் பாடி, அம்பத்தூர் வட்டாரத்திலேயே வளர்ந்தது. பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ராணே ஆகியவை அங்கே வேர்விட்டவை. ராணே குழுமத்தின் பிரேக் லைனிங் தொழிற்சாலைகளில் ஒன்று ஹைதராபாத்திலும் இயங்குகிறது. தரமான பேட் செய்யத் தெரியாத நாடு அல்ல இது. செய்தது எது, போலி எது என்று வாங்குபவர் பிரித்தறிய வழியில்லாத சந்தைதான் சிக்கல்.

சட்டம் எங்கே நிற்கிறது?

ஐரோப்பாவில் ஐ.நா. விதி எண் 90 இதை நேரடியாகக் கையாள்கிறது. மாற்றாக விற்கப்படும் பேட்டின் உராய்வு, காருடன் வந்த மூலப் பேட்டின் உராய்விலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. கூடினால் என்ன தவறு என்று கேட்கலாம். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரு கணக்கில் சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்பக்கம் அதிகமாகக் கவ்வினால் கார் சுழன்றுவிடும். இந்த ஒப்புதல் பெற்ற பேட்டின் தகட்டில் வட்டத்துக்குள் 'இ' என்ற ஆங்கில எழுத்தும் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும்.

அமெரிக்க முறையில் பேட்டின் விளிம்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள் காணப்படும். முதலாவது மிதமான சூட்டிலும் அடுத்தது கடும் சூட்டிலும் உள்ள உராய்வைக் குறிக்கும். 'இ' என்றால் 0.25 முதல் 0.35 வரை, 'எஃப்' 0.35 முதல் 0.45 வரை, 'ஜி' 0.45 முதல் 0.55 வரை. முதல் எழுத்தைவிட இரண்டாவது தாழ்ந்திருந்தால், சூடேறச் சூடேற அந்தப் பேட் தளரும் என்று பொருள். தேய்மானத்தைப் பற்றியோ தரத்தைப் பற்றியோ இவ்வெழுத்துகள் எதுவும் சொல்லா. என்றாலும் எழுத்தே இல்லாத சரக்கைவிட இது மேல்.

இந்தியாவில் 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 182-ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. மத்திய அரசு 'முக்கியப் பாதுகாப்பு பாகம்' என்று அறிவிக்கை செய்த ஒன்றை, விதிகளுக்கு மாறாக விற்பவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது ஒவ்வொரு பாகத்துக்கும் ரூ.1 லட்சம் அபராதம் அல்லது இரண்டும் விதிக்கலாம். வாகனத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது இரண்டும். கோடி ரூபாய்க் காரின் உரிமையாளருக்கு ஐயாயிரம் என்பது ஒரு வார பெட்ரோல் காசு. அதைவிடப் பெரிய ஓட்டை, தேய்ந்த பேட்டுக்குப் பதில் வேறொன்றைப் போடுவதை நடைமுறையில் எவரும் மாற்றியமைத்தலாகக் கருதுவதில்லை என்பது. சைலன்ஸரை மாற்றினால் சத்தம் காட்டிக்கொடுக்கும். சக்கரத்துக்குள் ஒளிந்திருக்கும் பேட்டைச் சாலையில் நிற்கும் போக்குவரத்துக் காவலர் எப்படிப் பார்ப்பார்?

எனவே உரிமையாளரே சில கேள்விகள் கேட்க வேண்டியிருக்கிறது. காரின் கையேட்டில் உள்ள பாக எண் பெட்டியில் இருக்கிறதா, தகட்டில் தயாரிப்பாளர் பெயரும் தொகுதி எண்ணும் பொறிக்கப்பட்டுள்ளனவா, ரசீது தருகிறார்களா என்பவை முதலில். ஓர் அச்சின் இரு பக்கமும் ஒருசேர மாற்றப்பட வேண்டும். புதுப் பேட் முதல் சில நூறு கிலோ மீட்டருக்கு மெல்ல மெல்ல டிஸ்க்கோடு பழக வேண்டும். மாற்றிய அன்றே வெளிவட்டச் சாலையில் சோதித்துப் பார்ப்பது அறிவீனம். பேட்டில் பணத்தைக் கொட்டுபவர்கள் மறந்துவிடுவது பிரேக் திரவத்தை. டாட்-4 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானபின் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொதித்த திரவத்தில் குமிழி உண்டானால் மிதி தரைவரை போகும். எந்தப் பேட்டும் உதவாது.

தூசு யாருக்கு?

பேட் தேய்ந்த பொருள் எங்கே போகிறது என்று கேட்பவர் அரிது. 1897இல் இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர், வண்டிக்காரர்கள் பழைய செருப்புத் தோலைத் தடைக்கட்டையில் அடித்து ஓட்டுவதைக் கவனித்து பிரேக் லைனிங் தொழிலைத் தொடங்கியதாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் தோலின் இடத்தை ஆஸ்பெஸ்டாஸ் பிடித்தது. சூட்டைத் தாங்கும், விலை மலிவு, நுரையீரலுக்கு எமன். நோய் வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும் என்பதால் பழி யார் மீதும் விழுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2005 முதல் அதைத் தடை செய்தது. அமெரிக்கா 2024 மார்ச்சில்தான் வெள்ளை ஆஸ்பெஸ்டாஸுக்குத் தடை ஆணை பிறப்பித்தது; மாற்று பிரேக் லைனிங்குகள் அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டன.

நம் உச்சநீதிமன்றம் 1995 ஜனவரியில் அளித்த தீர்ப்பில், தொழிலாளியின் உடல்நலம் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்றது. ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 ஆண்டுகளோ ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளோ, எது பிந்தியதோ அதுவரை காக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. 2011இல் முழுத் தடை கோரிய மனு தள்ளுபடியானது. இன்று பெரிய நிறுவனங்களின் கார் டிஸ்க் பேட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கலவைகளே வழக்கமாகிவிட்டன. ஆனால் பெயரற்ற பெட்டியில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. அந்தப் பெட்டியைப் பிரிப்பவர் பதிவேடு வைத்திருக்கும் ஆலைத் தொழிலாளியும் அல்ல. தெருவோரக் கொட்டகையில் தகரக் கூரைக்கடியில் வேலை பார்க்கும் இளைஞர். பழைய பேட்டைக் கழற்றியதும் காற்றுக் குழாயால் தூசை ஊதித் தள்ளுவது அவருக்குக் கற்பிக்கப்பட்ட முறை. ஈரத்துணியால் துடைத்தால் தூசு காற்றில் பறக்காது. ஒரு குவளைத் தண்ணீர் செலவு.

ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத தூசும் தீங்கற்றதல்ல. பேட்டிலிருந்து கரைந்து ஆறுகளில் கலக்கும் செம்பு மீன்களைப் பாதிப்பதால், அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2010இல் சட்டமியற்றி, 2025 முதல் அதன் அளவை அரை விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தியது. ஐரோப்பாவின் யூரோ-7 விதிகள் முதன்முறையாக பிரேக் தூசுக்கே வரம்பு வைத்துள்ளன. 2026 நவம்பர் 29 முதல் ஒப்புதல் பெறும் புதிய வகை பெட்ரோல், டீசல் கார்கள் கிலோ மீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் தூசு விடக்கூடாது. மின்சாரக் கார்களுக்கு 3 மில்லிகிராம். இந்தியாவின் பாரத் ஸ்டேஜ்-6 விதிகள் புகைக்குழாயில் வருவதை மில்லிகிராம் கணக்கில் அளக்கின்றன. பிரேக்கிலிருந்து வருவதற்கு அவற்றில் வரம்பு ஏதும் குறிக்கப்படவில்லை.