மண்ணும் கருவூலமும் – 9: வயல் போட்ட முதல்

1873இல் மெய்ஜி ஜப்பான் கொண்டுவந்த நிலவரியைச் சென்ற வாரம் பார்த்தோம். உழவர் கட்டிய வரியில் ஆலைகள் எழுந்த கதை அது. எண்பது ஆண்டு கழித்து அதே வேலையைத் தைவான் செய்தது. ஆனால், எடுப்பதற்கு முன் உழவருக்கு ஒன்றைக் கொடுத்தது. அந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இன்று தைவானின் மொத்த உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு 2 சதவீதம்கூட இல்லை. 1950களின் தொடக்கத்தில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. வேலை பார்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வயலில் இருந்தார்கள். அந்நியச் செலாவணியில் பெரும்பகுதியைச் சர்க்கரையும் அரிசியும்தான் ஈட்டின.

அப்போது குத்தகை, விளைச்சலில் பாதி. நல்ல நிலமென்றால் அதற்கும் மேல். 1949இல் சென் செங் தலைமையிலான மாகாண அரசு, 37.5 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றது. 1953இல் உழுபவருக்கே நிலம் என்று சட்டம் வந்தது. உரிமையாளர் சுமார் 7 ஏக்கர் நன்செயை வைத்துக்கொள்ளலாம். மீதியை அரசு வாங்கிக் குத்தகைதாரருக்கு விற்றது. விலை, ஓராண்டின் முக்கிய விளைச்சலைப் போல இரண்டரை மடங்கு. உழவர் அதை 10 ஆண்டுகளில் தவணையாகக் கட்டினார். நிலம் கொடுத்தவர்களுக்கு 70 சதவீதம் பத்திரம். நன்செய்க்கு நெல்லாகவும் புன்செய்க்குச் சர்க்கரைவள்ளிக் கிழங்காகவும் அதன் மதிப்பு கணக்கிடப்பட்டது. மீதி 30 சதவீதம், சிமென்ட், காகிதம் உள்ளிட்ட 4 அரசு நிறுவனங்களின் பங்குகள். சிறு உரிமையாளர் பலர் அந்தப் பங்குகளை வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். கூ குடும்பம் போன்ற பெரும் நிலக்கிழார்களோ சிமென்ட் முதலாளிகள் ஆனார்கள்.

சட்டம் தடையின்றி நிறைவேறக் காரணம் உண்டு. பெருநிலச் சீனாவில் தோற்று வந்த கோமிந்தாங் ஆட்சியாளர்களுக்குத் தீவில் சொந்த நிலம் இல்லை, இழந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். 1947 பிப்ரவரியில் வெடித்த கிளர்ச்சியை ராணுவம் கொன்று குவித்து அடக்கியிருந்ததால், எதிர்த்துப் பேசும் துணிவு யாருக்கும் இல்லை. இதைச் சொல்லாமல் தைவானைப் பாராட்டுவது நியாயமல்ல.

பிறகு எடுத்தார்கள், கடுமையாகவே. உர விநியோகம் அரசின் கையில் இருந்தது. நெல் விவசாயி நெல் அளந்தால்தான் உரம். அதுவும் அவருக்குப் பாதகமான விகிதத்தில். இந்த மறைமுக நெல் வரி, 1950களில் நாட்டின் மொத்த வருமான வரியையே விஞ்சியது. அந்த நெல்லைக் கொண்டுதான் ராணுவத்துக்கும் அரசு ஊழியருக்கும் படியளந்தார்கள். நகரத்தில் அரிசி விலை ஏறாததால் ஆலைக் கூலியும் ஏறவில்லை.

பின்னாளில் அதிபரான லீ தெங்-ஹுய் ஒரு வேளாண் பொருளியலாளர். 1895 முதல் 1960 வரையிலான கணக்கை ஆராய்ந்து 1968இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். வயலுக்குள் வந்த பணத்தைவிட வெளியே போனதே அதிகம் என்று அந்த ஆய்வு காட்டியது.

இவ்வளவு கறந்தும் உழவர் சாயவில்லை. நிலம் சொந்தம் என்பதால் கூடுதலாக விளைந்ததில் நிலத்துக்காரருக்குப் பங்கு இல்லை. இரு நெல் போகங்களுக்கு நடுவே, குளிர்காலத்தில் வைக்கோலை மட்கவைத்துக் காளான் வளர்த்தார்கள். 1960களில் டப்பாக் காளான் ஏற்றுமதியில் தைவான் உலகின் முன்வரிசைக்கு வந்தது. குத்தகையாகப் போயிருக்க வேண்டிய காசு பிள்ளைகளின் படிப்புக்கும் உள்ளூர் ஆலைச் சரக்குக்கும் செலவானது.

1973இல் உரப் பண்டமாற்று கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டே நெல்லுக்கு உத்தரவாத விலை கொடுத்து அரசு கொள்முதல் செய்யத் தொடங்கியது. பணம் வயலை நோக்கித் திரும்பியபோது இளைஞர்களில் பலர் ஆலைகளுக்குப் போய்விட்டிருந்தார்கள்.

பிலிப்பைன்ஸிலும் நிலச் சீர்திருத்தச் சட்டங்கள் வந்தன. அவை ஏன் இந்த அளவுக்கு நிறைவேறவில்லை என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.