விரலில் குத்தாமல் லைட் அடிச்சு சுகர் பார்க்க முடியுமா?

போன வாரம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசுலயே நின்னுடுச்சு. “அம்மா தினமும் விரல்ல குத்தித்தான் சுகர் பார்க்கறாங்க. லைட்டை வச்சே பார்க்க முடியாதா?” முடியும்னு சொல்ற இயற்பியல் 200 வருஷமா இருக்கு. ஏன் இன்னும் நடக்கலைங்கறதுக்கும் பதில் அங்கேயேதான் இருக்கு. ஒரு பாட்டில் சர்க்கரைப் பாகுல ஆரம்பிப்போம்.

உயரமான கண்ணாடி பாட்டில்ல கெட்டியான சர்க்கரைப் பாகு. ரூம் இருட்டா இருக்கணும். டார்ச் மேல போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒண்ணை வச்சு, கீழிருந்து மேலே லைட் அடிங்க. பக்கவாட்டுல நின்னு பார்த்தா பாகுக்குள்ள நீலம், பச்சை, சிவப்புன்னு கலர் பட்டைகள் படிப்படியா தெரியும். போனது வெள்ளை வெளிச்சம். பாகுல எந்தச் சாயமும் இல்லை. அப்போ கலர் எங்கிருந்து வந்தது?

ஒளி ஒரு அதிர்வு. சாதாரண ஒளி எல்லாத் திசையிலும் அதிரும். கூலிங் கிளாஸ் ஒரே திசை அதிர்வை மட்டும் விடும். சர்க்கரை மூலக்கூறு அந்தத் திசையைக் கொஞ்சம் கொஞ்சமா திருப்பிக்கிட்டே போகும். காரணம், அது ‘கைரல்’. இடது கையும் வலது கையும் மாதிரி, அதுவும் அதோட கண்ணாடி பிம்பமும் ஒண்ணோடொண்ணு பொருந்தாது. (கிரேக்கத்துல ‘கை’க்கான சொல்லிலிருந்து வந்த பேர் அது. தமிழ் ‘கை’ மாதிரி ஒலிப்பது தற்செயல்!) பாகுக்குள்ள மூலக்கூறுகள் தாறுமாறா கிடக்குதே, திருப்பம் கேன்சல் ஆகாதா? ஆகாது. ஒரு போல்ட்டைத் தலைகீழா பிடிச்சாலும் மரை சுத்துற பக்கம் மாறாதில்லையா, அப்படித்தான். திரவங்கள் இப்படித் திருப்புதுன்னு பிரெஞ்சு விஞ்ஞானி பியோ 1815-ல் கண்டுபிடிச்சார். இன்னைக்கும் சர்க்கரை ஆலைகள்ல கரும்புச் சாற்றை இதை வச்சுத்தான் அளக்கறாங்க.

ஆனா திருப்பம் மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டிக்கொடுக்கறது சிதறல். ஒளி பட்டதும் மூலக்கூறின் எலக்ட்ரான்கள் அதே திசையில் ஆடி, ஒளியைச் சுத்தி வீசும். ஆனா தான் ஆடுற திசையில் மட்டும் வீசாது. அதனால, அதிர்வு உங்களை நோக்கி இருக்கற உயரத்தில் இருட்டு. குறுக்கே இருக்கற உயரத்தில் வெளிச்சம். 90 டிகிரி தள்ளி நிக்கற ஃப்ரெண்டுக்கு அப்படியே உல்டா.

இதுல நீலம் வேகமா திரும்பும், சிவப்பு மெதுவா. 100 மில்லிக்கு 80 கிராம் சர்க்கரைன்னா, 10 செ.மீ. தூரத்துல மஞ்சள் சுமார் 53 டிகிரி திரும்பும். ஊதா கலந்த நீலம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதனால ஒவ்வொரு கலரும் வேற வேற உயரத்துல இருட்டாகுது. மிச்சம் இருக்கற கலர்தான் நம்ம கண்ணுக்கு வருது.

இப்போ பாகுல ஒரு துளி பால் விடுங்க. சிதறல் கூடி, பட்டை இன்னும் பளிச்சுன்னு தெரியும். ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்க, எல்லாம் காலி. ஒளி ஒரு தடவை சிதறினா திசையை ஞாபகம் வச்சிருக்கும். பத்து இருபது தடவை சிதறினா மறந்துடும்.

நம்ம தோல் அந்த ஒரு ஸ்பூன் பால் மாதிரி. ஒரு மில்லிமீட்டருக்குள்ளயே ஒளி பல தடவை சிதறிடும். அதனால ஆராய்ச்சியாளர்கள் தோலை விட்டுட்டு கண்ணுக்குப் போனாங்க. கருவிழித் திரைக்குப் பின்னாடி தெளிவான நீர் இருக்கு, அதுலயும் குளுக்கோஸ் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தா, 100 மி.கி. சுகருக்கு ஒரு செ.மீ. தூரத்துல வர்ற திருப்பம் வெறும் 0.005 டிகிரி. கடிகாரத்தின் மணி முள் அரை நொடியில் நகர்ற மாதிரி. லேப்ல இதை அளந்துடலாம். ஆனா கருவிழித் திரையே போலரைசேஷனை மாத்தும், கண்ணு ஒரு நிமிஷம் சும்மா இருக்காது, புரதங்கள் வேற எதிர்ப்பக்கம் திருப்பும்.

தோலைத் துளைக்காம சுகர் சொல்றோம்னு விக்கற வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீங்கன்னு அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரிச்சது. அப்படி எதுக்கும் அவங்க அனுமதி கொடுத்திருக்கலை. தப்பான அளவை நம்பி இன்சுலின் போட்டா உயிருக்கே ஆபத்து. அதனால, கேள்வி கேட்ட நண்பா, அம்மாவை இப்போதைக்குக் குத்தியே பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் வேணாம்னா, கையில ஒட்டிக்கற சென்சார் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. அதுலயும் ஒரு குட்டி ஊசி உண்டு, ஆனா ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவைதான்.