பனாமா கால்வாய்: கட்டுப்பாடும் நடுநிலைமையும்

அட்லாண்டிக், பசிபிக் பெருங்கடல்களை இணைக்கும் பனாமா கால்வாய் சுமார் 82 கிலோமீட்டர் நீளமுடையது. ஒரு சிறு நாட்டின் நிலத்தினூடே செல்லும் இந்நீர்வழியைப் பல நாட்டுக் கப்பல்களும் பயன்படுத்துகின்றன. ஆகவே இதைப் பற்றி இரு வினாக்கள் எழுகின்றன. கால்வாயை ஆளும் உரிமை யாருக்கு என்பது ஒன்று. எல்லாக் கொடிகளுக்கும் அது சமமாகத் திறந்திருக்குமா என்பது மற்றொன்று.

வரலாற்றில் முந்தியது இரண்டாவது வினாவே. 1901-இல் பிரிட்டனும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஹே-பான்ஸ்ஃபோட் உடன்படிக்கை, கால்வாயை அமைத்து நிர்வகிக்கும் உரிமையை அமெரிக்காவுக்கு ஒப்புக்கொண்டதோடு, எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சம நிபந்தனைகளில் வழிவிட வேண்டும் என்றும் விதித்தது. இவ்விதி வெறும் அலங்காரம் அன்று. 1912-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் நாட்டுக் கரையோர வாணிபக் கப்பல்களுக்குக் கட்டண விலக்கு அளித்தபோது பிரிட்டன் ஆட்சேபித்தது. பராமரிப்புச் செலவில் ஒரு சாராருக்கு விலக்கு அளித்தால் அச்சுமை பிறர் தலையில் ஏறும் அல்லவா? கால்வாய் திறக்கப்படுவதற்கு இரு மாதங்களுக்கு முன், 1914 ஜூனில், வில்சன் அரசு அவ்விலக்கை நீக்கியது. நடுநிலைமை என்பது போர்க்காலத்திற்கு மட்டும் உரியதன்று. கட்டண விகிதத்திலும் அது அடங்கியுள்ளது என்பதைப் பொருளியல் மாணவர்கள் கருத்திற் கொள்ள வேண்டும்.

கட்டுப்பாடு பற்றிய வரலாறு கசப்பானது. 1903 நவம்பர் 3-இல் பனாமா கொலம்பியாவிலிருந்து பிரிந்தது. பதினைந்தே நாட்களில் கையொப்பமான உடன்படிக்கையில் பனாமாவின் சார்பில் கையெழுத்திட்டவர் புனோ-வாரில்லா என்னும் பிரெஞ்சுக்காரர்! பத்து மைல் அகலமுள்ள மண்டலத்தை, இறையாண்மை உடையது போன்றே என்றென்றைக்கும் ஆளும் உரிமையை அமெரிக்கா பெற்றது. ஆண்டுத்தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. எனினும் பனாமா மக்களின் மனக்குறை தொகையைப் பற்றியதன்று. 1964 ஜனவரியில் கொடியேற்றுவது குறித்து மூண்ட கலவரத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1973 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்புச் சபை பனாமா நகரிலேயே கூடியது. புதிய உடன்படிக்கை கோரிய தீர்மானத்தை, அப்போது உறுப்பினராயிருந்த இந்தியா உள்ளிட்ட 13 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்கா ரத்து அதிகாரத்தால் அதைத் தடுத்தது.

1977 செப்டம்பர் 7-இல் கார்ட்டரும் டோரிஹோஸும் கையொப்பமிட்டவை இரண்டு உடன்படிக்கைகள். இரு வினாக்களையும் பிரித்து வைத்ததே அவற்றின் சிறப்பு எனலாம். கட்டுப்பாடு பற்றியதற்குக் காலவரம்பு உண்டு. 1999 டிசம்பர் 31 நண்பகலில் அது முடிவுற்றது. அதுவரை ஐந்து அமெரிக்கரும் நான்கு பனாமியரும் கொண்ட ஆணையம் நிர்வாகத்தைக் கவனித்தது. நடுநிலைமை உடன்படிக்கைக்கோ காலவரம்பு இல்லை. போரிலும் அமைதியிலும் எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சமவுரிமை, நியாயமான கட்டணம், 1999-க்குப் பின் பனாமாவின் படைகள் மட்டுமே அங்கு இருத்தல் என்பன அதன் முக்கிய விதிகள்.

செனட் சபை இரண்டையும் 68-க்கு 32 என்ற வாக்குகளில் ஏற்றது. தேவைப்பட்டதைவிட ஒரே ஒரு வாக்கு அதிகம். அந்த ஒப்புதலுக்கு விலை உண்டு. கால்வாய் மூடப்பட்டாலோ அதன் இயக்கம் தடைப்பட்டாலோ, இரு நாடுகளும் தனித்தனியே படைபலத்தையும் பயன்படுத்தலாம் என்னும் டிகான்சினி நிபந்தனை நடுநிலைமை உடன்படிக்கையின் ஏற்புரையில் சேர்க்கப்பட்டது. பனாமாவின் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமை இதனால் வந்துவிடாது என்று மற்றொரு வாசகமும் இணைக்கப்பட்டது. இவ்விரண்டும் மோதும்போது தீர்ப்பளிப்பது யார்? இதற்கென நடுவர் மன்றம் எதுவும் அமைக்கப்படவில்லை. உடன்படிக்கையின் வலுவற்ற கணு இதுவே என்பது இவ்வாசிரியரின் கருத்து. 1989 டிசம்பரில் பனாமாவிற்குள் படை அனுப்பிய அமெரிக்கா, கால்வாய் உடன்படிக்கைகளின் பாதுகாப்பையும் ஒரு காரணமாகக் காட்டியது, ஐ.நா. பொதுச்சபை அச்செயலைக் கண்டித்தது. ஆயினும் குறித்த நாளில் கால்வாய் கைமாறவே செய்தது.

2023-இல் வறட்சியால் காட்டூன் ஏரியின் நீர்மட்டம் தாழ்ந்தபோது சோதனை வேறு வடிவில் வந்தது. நாளொன்றுக்குச் சுமார் 36 ஆக இருந்த கப்பல் எண்ணிக்கை நவம்பரில் 24 ஆகக் குறைக்கப்பட்டது. முன்னுரிமை இடங்களுக்கு ஏலத்தில் பெருந்தொகைகள் கேட்கப்பட்டன. எக்கொடிக்கும் பாகுபாடில்லை என்பது உண்மையே. ஆனால் பணவசதி குறைந்த கப்பல் நிறுவனங்கள் காத்திருக்க நேர்ந்தது. 2025 ஜனவரியில் பதவியேற்ற அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் கால்வாயைத் திரும்பப் பெறப்போவதாக அறிவித்தார். கால்வாய் தனக்கே உரியது என்று கூறிப் பனாமா அதை மறுத்தது.